கட்டை உருளாத நகரம்

மதுரையில் சித்திரைத் தேர் கீழமாசி வீதித் தேரடியில் கிளம்பி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று நாலு பக்கமும் சுற்றி மறுபடி நிலைக்கு வந்து சேரும். மனை வாங்கி வாடகை வசூலிக்கும் மோனோபாலி விளையாட்டின் அட்டையும் அப்படித்தான். நாலு பக்கம், நாலு முனை, ஒரே திசையில் சுற்று. சிறு வயதில் கோடை விடுமுறை முழுக்க நாங்கள் ஆடிய ‘டிரேட்’ அதன் இந்திய வடிவம். பம்பாய், டெல்லி, மெட்ராஸ் என்று ஊர்ப்பெயர் அச்சடித்த அட்டை. மெட்ராஸை யார் வாங்குவது என்று அக்காவும் நானும் சண்டை போட்டதுதான் அதிகம்.

அந்த அட்டை விளையாட்டை 2001-ல் கணினிக்குள் ஒரு முழு நகரமாகக் கட்டினார்கள். பெயர் மோனோபாலி டைக்கூன். டீப் ரெட் கேம்ஸ் உருவாக்க, இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்டது. நகரத்தின் மனைகளில் கடையும் அடுக்குமாடி வீடும் கட்டி, போட்டியாளர்களைவிட அதிக லாபம் பார்க்க வேண்டும். முறை வரும்வரை காத்திருக்கும் வேலை இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள், வேகமாக முடிவெடுப்பவருக்கே சாதகம். பழைய சிடியைத் தேடியெடுத்து அண்ணன் மகனுக்கு ஆடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “கட்டையே உருட்டலையே சித்தப்பா. அப்ப யாரு கடைக்கு யாரு வரணும்னு எது முடிவு பண்ணுது?”

ரொம்ப சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கட்டை என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் தாயக்கட்டையில் ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று. இரண்டைச் சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் மூன்று விழ 4 வழி உண்டு. ஆறு விழ ஒரே வழிதான், இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கும் ஒரே வழிதான். மோனோபாலியின் ஆறு முகக் கட்டைகள் இரண்டும் சேர்ந்து 36 விதமாக விழும். அதில் ஏழுக்கு 6 வழி, ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்தைந்து, ஒன்பதுக்கு 4. அதாவது கட்டை குருட்டு அதிர்ஷ்டம் போலத் தோன்றினாலும் அதற்கு ஒரு சாய்வு உண்டு. அட்டையில் மொத்தம் 40 கட்டங்கள். ‘சிறைக்குப் போ’ கட்டம், சீட்டுகள், தொடர்ந்து மூன்று முறை இரட்டை விழுவது என்று பல வழிகள் ஆட்டக்காரர்களைச் சிறைக்குத் தள்ளுவதால், காய்கள் அதிகம் தங்கும் இடம் சிறைதான். சிறையிலிருந்து ஆறாவது, எட்டாவது, ஒன்பதாவது கட்டங்களில் இருப்பவை ஆரஞ்சு நிற மனைகள். கூட்டிப் பாருங்கள்: 5, 5, 4. சிறையை விட்டுக் கிளம்பும் ஒருவர் ஒரே வீச்சில் ஆரஞ்சில் விழ 36-க்கு 14 வாய்ப்பு. விவரம் தெரிந்தவர்கள் ஆரஞ்சு மனைக்கு அலைவது இதனால்தான்.

ஆக, அட்டையில் வாடிக்கையாளரை உங்கள் வாசலுக்குக் கொண்டுவருவது கட்டை. வந்தவருக்கு விருப்பம் என்று எதுவும் கிடையாது. விழுந்த இடத்தில் வாடகை கொடுத்தே ஆக வேண்டும்.

கணினி நகரத்தில் கட்டையின் இடத்துக்கு மனிதர்கள் வருகிறார்கள். இந்த வகை விளையாட்டுகளின் அடிப்படை ஏற்பாடு எளிதானது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு உண்டு, சில தேவைகள் உண்டு. தேவை எழும்போது அதைத் தரும் கடைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்குப் போடுவார்: கடையில் பொருளின் விலையோடு, அங்கே நடந்து போகும் சிரமத்தை ரூபாயாக மாற்றிக் கூட்டிக்கொள்வார். எந்தக் கடைக்குக் கூட்டுத்தொகை குறைவோ அங்கே போவார். அவ்வளவுதான்.

மேலமாசி வீதியை 800 மீட்டர் நீளமுள்ள நேர்கோடு என்று வைத்துக்கொள்வோம். தெற்கு முனையில் ஒரு ஜிகர்தண்டா கடை, டம்ளர் 50 ரூபாய். வடக்கு முனையில் இன்னொரு கடை, அங்கே 60. நூறு மீட்டர் நடப்பது 2 ரூபாய்க்குச் சமமான சிரமம். தெற்கிலிருந்து 700 மீட்டர் தள்ளி வீடு இருப்பவருக்குத் தெற்குக் கடை 50-உம் 14-உம் சேர்ந்து 64. வடக்குக் கடை 60-உம் 2-உம் சேர்ந்து 62. அவர் வடக்கே போவார். இரண்டும் சமமாகும் இடம் எது என்று பார்த்தால், தெற்கிலிருந்து 650-வது மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஒரு எல்லைக்கோடு அங்கே ஓடுகிறது. வியாபாரப் போட்டி என்பது இந்தக் கோட்டைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுப்பதுதான்.

தெற்குக் கடைக்காரர் 3 ரூபாய் குறைத்து 47-க்கு விற்கிறார். கோடு 725-வது மீட்டருக்கு நகரும். கூட்டம் கூடியது, சரி. லாபம்? டம்ளருக்கு அடக்க விலை 30 ரூபாய், மீட்டருக்கு ஒரு வாடிக்கையாளர் என்று கொள்வோம். முன்பு 650 பேர், ஆளுக்கு 20 ரூபாய் லாபம், மொத்தம் 13,000. இப்போது 725 பேர், ஆளுக்கு 17 ரூபாய், மொத்தம் 12,325. கூட்டம் கூடியும் கல்லா குறைந்துவிட்டது. முதல் முறை ஆடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள். வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்து ஜெயிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் ஏன் விலையைக் குறைக்க வேண்டும்? இன்னும் கீழே இறங்கி 44-க்கு விற்றுப் பாருங்கள். கோடு தெருவின் மறுமுனையையே தொட்டுவிடும். லாபம் 11,200 ஆகச் சுருங்கும், ஆனால் வடக்குக் கடைக்கு ஆளே வராது. அவர் எவ்வளவு நாள் தாங்குவார்? கடையை மூடிவிட்டுப் போனால் தெரு முழுக்க ஒருவர் கையில். பிறகு 60-க்கு விற்றாலும் 800 பேரும் அவரிடமே வந்தாக வேண்டும், லாபம் 24,000. கொஞ்ச காலம் குறைந்த லாபத்தைத் தாங்க முடிந்தவர், பிறகு இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கிறார். பெரிய முதல் உள்ளவர் சின்னக் கடையை விரட்டும் வழி இது. விளையாட்டில் எதிராளியின் கையிருப்பு தீரும் நேரத்தைக் கணித்து இதைச் செய்யும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு உறுத்தும். எங்கள் தெருவிலேயே அப்படி மூடிய கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

விலை மாறாமல் இடம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதை 1929-ல் ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற பொருளியலாளர் எழுதினார். அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வைகை மணலில் 400 மீட்டருக்கு நீளவாக்கில் கூட்டம். இரண்டு பேர் ஒரே விலைக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்கிறார்கள். ஒருவர் 100-வது மீட்டரிலும் மற்றவர் 300-வது மீட்டரிலும் நின்றால் யாருமே 100 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டாம். மக்களுக்கு நல்லது அதுதான். ஆனால் முதலாமவர் கொஞ்சம் நடுப்பக்கம் நகர்ந்தால், தன் பக்கத்து ஆட்களை இழக்காமல் அடுத்தவர் ஆட்களில் சிலரைப் பிடிக்கலாம். அவர் நகர, இவரும் நகர, கடைசியில் இருவரும் 200-வது மீட்டரில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். ஓரத்தில் இருப்பவர் 200 மீட்டர் நடக்க வேண்டும், விற்பவர்களுக்கோ முன்பிருந்த அதே பாதிப் பங்குதான்.

மதுரையில் தெற்காவணி மூல வீதி முழுக்க நகைக்கடையாக இருப்பதற்கு இதை மட்டுமே காரணமாகச் சொல்ல முடியாது. நகை வாங்கப் போகும் குடும்பம் நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுத்தான் வாங்கும். கடைகள் சேர்ந்திருப்பதே வாடிக்கையாளரை அந்தத் தெருவுக்கு இழுக்கிறது. ‘விலையும் தூரமும்’ என்ற எளிய கணக்கு மட்டும் உள்ள விளையாட்டில் இப்படி ஒரு வீதி தானாக முளைக்காது. ஒருவர் பல கடை ஏறிப் பார்ப்பார் என்று நிரலில் தனியாக எழுதினால்தான் முளைக்கும். நம் ஊர்க் கடைத்தெருக்களில் புதைந்திருக்கும் அறிவு எவ்வளவு என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

இவ்வளவு கணக்கையும் கணினி தாங்குமா? 5,000 பேர், ஆளுக்கு 100 கடை என்று வைத்தால் 5 லட்சம் ஒப்பீடு. 2001-ல் வந்த நல்ல கணினி நொடிக்கு நூறு கோடித் துடிப்பில் ஓடியது. போதாததற்கு எல்லோரும் ஒரே நொடியில் முடிவெடுப்பதும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிடலாம். 1989-ல் வந்த சிம்சிட்டி என்ற நகரம் கட்டும் விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை. அது தனி மனிதரைப் பார்க்காமல் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பும் சுற்றியுள்ள கட்டங்களைப் பொறுத்து ஏறி இறங்கும்படி செய்தது. அதை உருவாக்கிய வில் ரைட்டுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில், ஒரு நகரத்தின் வளர்ச்சியையும் தேய்வையும் சமன்பாடுகளாக எழுதிய ஜே ஃபாரஸ்டரின் 1969-ஆம் ஆண்டு வேலையும் ஒன்று.

கட்டை போய் மனிதர்கள் வந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அது நிலம். மனை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு வாடகை. வாடகையில் அடுத்த மனை. அடுத்த மனையில் வீடு கட்டினால் தன் கடைக்குப் பக்கத்திலேயே வாடிக்கையாளர் குடியேறுவார்கள். உருளும் பந்து பெரிதாகிக்கொண்டே போகும். மாட்டுத்தாவணிக்குப் பேருந்து நிலையம் வந்த பிறகு அதைச் சுற்றியிருந்த நிலத்தின் மதிப்பு என்ன ஆனது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பைக் கூட்டியது பேருந்து, பயன் பத்திரம் வைத்திருந்தவருக்கு.

மோனோபாலியின் மூல விளையாட்டு இதைக் காட்டத்தான் பிறந்தது. அமெரிக்காவின் எலிசபெத் மேகி என்ற பெண் 1904-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தின் மதிப்பை ஊரே சேர்ந்து உருவாக்குகிறது, அதனால் அதன் வருமானமும் ஊருக்கே வர வேண்டும் என்ற பொருளியலாளர் ஹென்றி ஜார்ஜின் கருத்தில் உறுதியாக இருந்தவர் அவர். பின்னாளில் தன் ஆட்டத்துக்கு இரண்டு விதமான விதிகள் வைத்தார். ஒன்றில் எல்லோரையும் ஓட்டாண்டியாக்கியவர் ஜெயிப்பார். இன்னொன்றில் வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும், மிகக் குறைவான பணத்தோடு தொடங்கியவரின் பணம் இரட்டிப்பானால் எல்லோருக்கும் வெற்றி. 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 500 டாலர் கொடுத்து அவருடைய காப்புரிமையை வாங்கியது. உலகம் முழுக்கப் பரவியது முதல் விதி மட்டும்தான்.

அண்ணன் மகனும் நானும் இப்போது ஒரு சார்ட் அட்டையில் நாலு மாசி வீதியையும் வரைந்து இரண்டாவது விதியில் ஆடுகிறோம். கட்டை கிடையாது, அந்த ஜிகர்தண்டா கணக்குதான். வாடகை எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போகும். டப்பா நிறைந்ததும் அந்தப் பணத்தில் மேலமாசி வீதியில் பஸ் விடலாம் என்றான். விட்டோம். நூறு மீட்டருக்கு 2 ரூபாயாக இருந்த சிரமம் 1 ரூபாயாகக் குறைந்தது. மறுபடி கணக்குப் போட்டால், 60 ரூபாய்க்கு விற்ற வடக்குக் கடைக்குத் தெருவில் ஒருவர்கூட மிச்சமில்லை. அதன் வாசலிலேயே குடியிருப்பவர்கூட, 50-உம் பஸ் ஏறிப்போகும் 8-உம் சேர்ந்து 58 என்று தெற்கே போகிறார். தூரம்தான் இத்தனை நாள் அந்தக் கடையைக் காப்பாற்றியிருக்கிறது. பென்சிலை எடுத்து 60-ஐ அழித்துவிட்டு 57 என்று எழுதினான். கோடு தெருவுக்குள் திரும்பி வந்தது, ஆனால் ஐம்பதே மீட்டர்.