வாளலகுக்காரனுக்கு வெல்லம் வேண்டாம்

பறவை பார்க்க ஆட்களைக் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு. ஈக்வடாரில் கீட்டோவுக்குப் பக்கத்தில், பிச்சிஞ்சா எரிமலைச் சரிவில் இருக்கும் யானகோச்சா காட்டுக்குப் போனால், பூந்தேன் குடிக்கும் குட்டிப் பறவைகளான ஹம்மிங்பேர்டுகளுக்குத் தொங்கவிட்ட ஃபீடரில் (தீனிக் குப்பியில்) சர்க்கரைத் தண்ணீர் நிரப்புவதைப் பார்த்து நம்மவர் யாராவது கட்டாயம் கேட்பார்: "வெள்ளைச் சர்க்கரை கெடுதலாச்சே, நாட்டுச் சர்க்கரை போடலாமே?"

போடவே கூடாது. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து இந்தச் சின்ன உடம்புக்கு ஆகாது. ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், அவ்வளவுதான். சிவப்புச் சாயமும் வேண்டாம். பூவில் ஊறுவதும் பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்தானே. ஆனால் நாம் கடையில் வாங்கும் தேன் வேறு சங்கதி, தண்ணீர் கலந்துவிட்டால் சீக்கிரமே புளித்துப் பூஞ்சை கட்டிவிடும்.

அங்கே எல்லோரும் காத்திருப்பது வாளலகு ஹம்மிங்பேர்டுக்காக. எடை பன்னிரண்டு கிராம் பக்கம்தான், அலகோ பத்து சென்டிமீட்டர் வரை போகும், வாலை விட்டுவிட்டு அளந்தால் உடம்பைவிட அலகுதான் நீளம். கிளையில் உட்காரும்போது கழுத்து வலிக்காதிருக்க அலகை வானம் பார்க்கத் தூக்கி வைத்துக்கொள்ளும் (என் ஊகம்தான்). அந்த அலகால் தன் இறகைக் கோதவும் முடியாது, காலால் சொறிந்துதான் சமாளிக்கிறது. இத்தனை பாடும் நம் மலையில் விற்கும் தாட்பூட் பழத்துக்கு (பேஷன் ஃப்ரூட்) உறவுக்காரக் கொடி ஒன்றுக்காக. நீளக் குழாயாகத் தொங்கும் அதன் இளஞ்சிவப்புப் பூவின் அடிவரை முறையாக எட்டக்கூடியது இந்த அலகுதான், மகரந்தம் மாறவும் அந்தக் கொடி இதைத்தான் நம்பியிருக்கிறது.

அதனால் ஃபீடரில் நாலு படம் எடுத்தது போதும், அப்புறம் பாதையோரக் கொடியடியில் அரை மணி நேரம் நில்லுங்கள் என்பேன். பாதிப் பேர் கேட்பதில்லை. இன்னொன்று, இருட்டிய பிறகு ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஆண்டிஸ் குளிரில் பல ஹம்மிங்பேர்டுகள் உடல் சூட்டைக் குறைத்துக்கொண்டு விறைத்துப்போய்த்தான் இரவைத் தள்ளுகின்றன, 2020-இல் வெளியான ஆய்வில் பெரு நாட்டுப் பறவை ஒன்றின் சூடு 3.3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. அந்நேரத்தில் எழுப்பிவிட்டால் அப்படிச் சேமித்த சக்தியெல்லாம் வீண்.

போன முறை நாங்கள் தங்கிய விடுதியில், எங்கள் குழுவின் அக்கா ஒருவர் நல்ல மனசோடு ஃபீடரில் தேனைக் கலந்துவிட்டார். பணியாள் ஒரு வார்த்தை பேசாமல் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துளைத் துளையாகத் தேய்த்துக் கழுவினார். மீதித் தேனை ரொட்டியில் தடவி நாங்களே தின்று தீர்த்தோம்.