ஏழு இடத்தில் ஒன்று காலியாக இருக்கட்டும்

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தி.நகருக்குக் காரில் போனோம். பனகல் பார்க்கை ஒரு சுற்று, வெங்கட்நாராயணா ரோடு வழியாக இன்னொரு சுற்று, அப்புறம் ஒரு சந்துக்குள் நுழைந்து ஒரு வீட்டு கேட் முன்னால் நிறுத்தப் போனால், உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, ராத்திரி அவசரம்னா ஆஸ்பத்திரிக்குக்கூட என் வண்டியை எடுக்க முடியலை, இங்க விடாதீங்க" என்றார். திரும்பவும் மெயின் ரோட்டுக்கு வந்தோம்.

யோசித்துப் பார்த்தால், நாங்கள் வரவேண்டிய இடத்துக்கு எப்போதோ வந்துவிட்டோம். பயணம் முடிந்த பிறகும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். கடைத்தெரு நெரிசலில் இப்படி வந்து சேர்ந்த பிறகும் ஓடுகிற வண்டிகள் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் "இன்னும் நிறைய பார்க்கிங் கட்டுங்கள்" என்கிறோம்.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். ரோட்டோரம் 100 கார் நிற்கலாம், 85 நிற்கிறது, காலி இடங்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஏழாவது இடத்துக்குள் உங்களுக்கு ஒன்று கிடைத்துவிடும். ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால், சுமார் 40 மீட்டர் போனால் போதும். 95 நின்றால் 20 இடங்களைக் கடக்கவேண்டும், 120 மீட்டர். 99 நின்றால் 100 இடம், 600 மீட்டர். கூடுதலாக வந்தது வெறும் 14 கார்தான், தேடும் தூரமோ 15 மடங்கு ஆகிவிட்டது! அந்தக் கடைசி ஒன்றும் நிரம்பிவிட்டால், யாராவது கிளம்பும்வரை எல்லோரும் சுற்றவேண்டியதுதான்.

இன்னொரு விஷயமும் இதோடு சேர்கிறது. முன்னால் போகிறவர், துணிக்கடைப் பையோடு காரை நோக்கி நடக்கும் ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு இண்டிகேட்டர் போட்டு நிற்கிறார். அவர்கள் பைகளை டிக்கியில் வைத்து, குழந்தையை ஏற்றி, வண்டியை எடுக்க 40 வினாடி ஆகிறது. பின்னால் 2 வினாடிக்கு ஒரு வண்டி வந்தால், அதற்குள் 20 வண்டி சேர்ந்துவிடும். முன்னால் வழி விட்டதும் அந்த வரிசை மொத்தமாக நகர்ந்துவிடாது, ஒவ்வொன்றாகத்தான் கிளம்பும். முன்பக்கம் கரையக் கரைய வால்பக்கம் வளர்ந்துகொண்டே போய் பின்னால் இருக்கும் சிக்னலைத் தொட்டுவிட்டால், குறுக்கே போகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள். தி.நகர் பக்கமே வராத, கோடம்பாக்கம் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார், தன்னை நிறுத்தியது ஒரு காலி இடத்துக்கான காத்திருப்பு என்று தெரியாமலேயே.

இந்தச் சுற்றலை அளந்து பார்த்தவர் டொனால்ட் ஷூப், லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியராக இருந்தவர். அந்த ஊரின் வெஸ்ட்வுட் வில்லேஜ் என்ற சின்னக் கடைவீதிப் பகுதியில் ஒரு கார் இடம் தேடுவது சராசரியாக 3.3 நிமிடம், சுமார் அரை மைல். ஒருவருக்கு இது பெரிதாகவே தெரியாது. ஆனால் ஒரே இடத்தில் நாள் முழுக்க கார்கள் மாறி மாறி நிற்பதால், வெறும் 15 பிளாக்குகளுக்குள் வருடத்துக்கு 9.5 லட்சம் மைல் ஓடுகிறது என்று கணக்கிட்டார். பூமியை 38 தடவை சுற்றும் தூரம் அது. ரோட்டோரக் கட்டணம் மலிவு, பக்கத்துப் பார்க்கிங் கட்டடத்தில் அதிகம் என்பதுதான் காரணம்.

இதனால்தான் பார்க்கிங் கட்டடம் மட்டும் கட்டினால் போதாது என்கிறேன். பாண்டி பஜாரில் 200 கார்களுக்கு மேல் நிற்கும் அடுக்குமாடி பார்க்கிங்கை 2021-ல் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் கடை வாசலில் மலிவாக, அல்லது சந்துக்குள் சும்மாவே நிறுத்த முடியும் என்றால் யார் அங்கே போவார்கள்? வாசலில் நிறுத்தக் கட்டணம் அதிகம், தள்ளி நிறுத்தக் குறைவு என்று இருக்கவேண்டும்.

காசு வாங்கினால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர்கள் பிழைப்பு அது. ஆனால் உலகின் முதல் பார்க்கிங் மீட்டர், அதாவது காசு போட்டால் அதற்குரிய நேரம் நிறுத்த விடும் ரோட்டோரக் கருவி, 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில், கடைக்காரர்களுக்காகவே வந்தது. கடைவீதியில் வேலை பார்ப்பவர்கள் காலையில் வந்து வாசலில் காரை நிறுத்திவிட்டு சாயங்காலம்தான் எடுத்தார்கள், வாங்க வருபவருக்கு இடமில்லை. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட் என்று வைத்ததும் இடம் கைமாற ஆரம்பித்தது. எட்டு மணி நேரம் ஒரே கார் நிற்கிற இடத்தில் மணிக்கு ஒன்றாக எட்டு கார் நின்றால், கடைக்கு எட்டு வாடிக்கையாளர்.

சான் பிரான்சிஸ்கோவில் 2011-ல் தொடங்கிய சோதனையில் இதை நன்றாகவே செய்தார்கள். தெருவுக்குத் தெரு, வேளைக்கு வேளை தனி விலை. நிரம்பி வழிந்தால் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினார்கள், காலியாகக் கிடந்தால் இறக்கினார்கள். 60 முதல் 80 சதவீதம் நிரம்பியிருக்கவேண்டும் என்பது இலக்கு. இடம் தேடும் நேரம் 43 சதவீதம் குறைந்தது. சராசரிக் கட்டணம் ஏறும் என்றுதான் யாரும் நினைப்போம், அதுவும் கொஞ்சம் இறங்கியது, காரணம் பல தெருக்களில் அதுவரை தேவைக்கு மேல் வாங்கியிருந்தார்கள்.

அப்புறம், காரில் வருபவர்தான் முக்கிய வாடிக்கையாளர் என்ற எண்ணம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு கடைத்தெருவில் கேட்டபோது, 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் சொன்னார்கள். உண்மையில் வந்தது 22 சதவீதம். ரங்கநாதன் தெருவில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் கூட்டம் எவ்வளவு என்று. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு டூவீலர் நிற்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, மெயின் ரோட்டில் கட்டணம் ஏறினால் வண்டியெல்லாம் அந்தப் பெரியவரின் சந்துக்குள்தானே போகும்? போகும், கண்டிப்பாக. அதனால் இரண்டையும் ஒரே நாளில் செய்யவேண்டும்: சந்தில் குடியிருப்பவர்களுக்கு பாஸ், வெளியாட்களுக்குக் கட்டணம், கேட் முன்னால் யாருக்கும் அனுமதி இல்லை. பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். கலிபோர்னியாவின் ஓல்ட் பாசடீனா கடைக்காரர்கள் 1993-ல் மீட்டருக்குச் சம்மதித்ததே, வசூலாகும் பணம் அதே தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரங்களுக்கும் திரும்பி வரும் என்று உறுதி கிடைத்த பிறகுதான். தி.நகரில் பார்க்கிங் ரசீது கொடுக்கும் இடத்திலேயே ஒரு பலகை வைத்து, போன மாதம் இந்தத் தெருவில் இவ்வளவு வசூல், அதில் இந்தச் சந்துக்கு இவ்வளவு செலவு என்று எழுதிப் போடட்டும்.