ஆவணப்படம்: மூலவோலையும் படியோலையும்

பேரண்டம், உயிர், மனிதன் ஆகியவற்றின் தோற்றத்தைச் சொல்லும் படங்களை ஆவணப்படம் என்று எழுதும்போது ஒரு சிறு நெருடல் எழுவதுண்டு. ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைப் பார்த்தவரும் இல்லை, படம்பிடித்தவரும் இல்லை. அப்படியிருக்க அங்கே ஆவணம் எங்கிருந்து வந்தது? 'டாக்குமெண்டரி' என்றே எழுதிவிட்டால் இந்தக் கேள்வி எழாது, ஏனெனில் அயற்சொல்லின் வேர் நம் காதில் விழுவதில்லை. தமிழ்ச்சொல்லோ எழுதிய உடனேயே தன் பொருளுக்குக் கணக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிறது.

லத்தீன் மொழியில் 'டோக்கேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து பிறந்த 'டோக்குமெந்தும்' முதலில் பாடம், படிப்பினை என்ற பொருள்களிலேயே வழங்கியது. எழுத்துச் சான்று என்ற பொருள் பிற்காலத்தில் வந்து சேர்ந்து, முந்தியதை ஓரங்கட்டிவிட்டது. ஆங்கிலத்தில் இச்சொல்லைத் திரைப்படத்தோடு பிணைத்து நிலைபெறச் செய்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன். ராபர்ட் ஃபிளாகர்ட்டி சமோவாவில் எடுத்த படமொன்றைப் பற்றி 1926 பிப்ரவரியில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் எழுதியபோது, அந்தப் படத்துக்கு ஆவண மதிப்பு உண்டு என்றார் அவர். பின்னாளில் அவரே இவ்வகைப் படத்தை, நடப்பைப் படைப்பூக்கத்தோடு கையாளுதல் என்று வரையறுத்தார். அந்த வரையறையிலேயே ஒரு நெகிழ்வு ஒளிந்திருப்பதைக் கவனிக்கலாம்: ஃபிளாகர்ட்டி ஆர்க்டிக் பகுதியில் எடுத்து 1922-இல் வெளியிட்ட முந்தைய படத்துக்காக, கேமராவுக்கு வெளிச்சம் போதாமல், பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே உறங்கி எழும் காட்சியை எடுத்தார்கள். ஆக, உள்ளதைக் காட்டுவதா, உள்ளதுபோல் அமைத்துக் காட்டுவதா என்ற வழக்கு இந்தப் படவகையோடு கூடவே பிறந்தது.

தமிழில் 'ஆவணம்' பழைய சொல். அது சங்க இலக்கியத்தில் இரண்டு முகங்களோடு வருகிறது. அகநானூற்றின் 122-ஆம் பாட்டில் ஆவணம் என்பது கடைத்தெரு. இரவில் ஆவணமும் மறுகும் (தெருவும்) அடங்கினாலும் அன்னை உறங்குவதில்லை என்பது தலைவியின் குறை. (இப்பொருளை வடமொழி 'ஆபணம்' என்பதோடு இணைத்துக் காட்டுவாரும் உண்டு.) அதே நூலின் 77-ஆம் பாட்டில் ஆவண மாக்கள் வருகிறார்கள். கயிற்றால் பிணித்த குடத்தின் மேலிட்ட பொறியை, அதாவது இலச்சினையை, முதலில் பார்த்துச் சரி கண்டு, பிறகு அதை உடைத்து உள்ளிருக்கும் ஓலையை வெளியே எடுப்பது அவர்கள் வேலை. போர்க்களத்தில் பிணத்தின் குடலைக் கழுகு இழுப்பதற்கு உவமையாக இது சொல்லப்படுகிறது என்பதால் பாட்டு கொடுமையானதுதான். ஆனால் நமக்கு வேண்டிய செய்தி அந்த 'பொறி கண்டு' என்பதில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'விலையாவணம்' என்று விற்பனைப் பத்திரத்தைக் குறிக்க இச்சொல் வழங்குகிறது. கடைத்தெருவையும் பத்திரத்தையும் ஒரே சொல் சுமப்பதற்கு இந்த விற்பனையே பாலமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆவணம் என்பது வெறும் எழுத்தன்று, சோதித்துப் பார்க்கத்தக்க எழுத்து. இதைப் பெரியபுராணத்தைப் போலத் தெளிவாக வேறெதுவும் காட்டியதில்லை. மணப்பந்தலில் வந்து 'நீ என் அடிமை' என்று வழக்குரைக்கும் முதியவர் கையிலிருந்த ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். வெண்ணெய்நல்லூர் அவையோர் மூலவோலையை வாங்கிப் படித்ததோடு நிற்காமல், சுந்தரருடைய பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள்.

தோற்றத்தைச் சொல்லும் படங்களை அளக்க இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அவற்றுக்கும் மூலவோலை உண்டு. 1964-இல் நியூஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய வானியலாளர் இருவர் தங்கள் கொம்பு வடிவ ஆன்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சலைக் கேட்டு, உள்ளே கூடுகட்டிய புறாக்களின் எச்சத்தைக் கூடத் துடைத்துப் பார்த்தும் அது போகாமல் திகைத்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளியின் மிச்சம் அது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் நிகழ்ச்சி இல்லாத அலைவரிசையில் தெரிந்த புள்ளிகளின் ஒரு சிறு பங்கும் அதுவே என்பதால், எந்தப் படமும் ஓடாதபோதும் அந்தத் திரையில் ஆவணம் ஓடிக்கொண்டிருந்தது எனலாம்.

மனிதனுக்கு வரும்போது ஆவணம் இன்னும் நெருக்கமாகிறது. தான்சானியாவின் லேட்டோலியில் 1978-இல் தொல்மானிடவியலாளர் மேரி லீக்கியின் குழு கண்டெடுத்த காலடித் தடங்கள் ஏறத்தாழ 36.6 லட்சம் ஆண்டுப் பழைமையுடையவை. எரிமலைச் சாம்பல் படிந்தது. மேலே சிறு மழை பெய்து அதை நனைத்தது. அந்த ஈரத்தில் சிலர் நடந்து போனார்கள். சாம்பல் சிமெண்ட் போல இறுகியது. பின்னும் சாம்பல் விழுந்து தடங்களை மூடிக்கொண்டது. மழைத்துளி விழுந்த குழிகள்கூட அங்கே எஞ்சியிருக்கின்றன. குரங்கினத்தைப் போல விலகி நிற்காமல், பெருவிரல் மற்ற விரல்களோடு இணைந்து முன்னோக்கிப் பதிந்திருக்கிறது. ஏறத்தாழ 27 மீட்டர் நீளும் இந்தத் தடத்தைக் கேமரா மெதுவாகத் தொடரும் படம் எதுவாயினும் அதை ஆவணப்படம் என்றழைக்க யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. பொறியையே அது கண்ணெதிரே காட்டுகிறது.

உயிரின் தோற்றத்தில்தான் ஓலை மெலிந்துபோகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பாறைகளில் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழைய நுண்ணுயிர்ப் படிவுகள் உண்டு. ஆனால் அவை உயிர் ஏற்கெனவே வந்துவிட்ட பிறகு விட்டுச்சென்ற சுவடுகள். எனவே படமெடுப்போர் வேதியியலாளர் ஸ்டான்லி மில்லரின் கண்ணாடிக் குடுவைக்குப் போகிறார்கள். நீராவியோடு மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சினால் அமினோ அமிலங்கள் உருவாகின்றன என்று 1953-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. அது நடந்திருக்கக்கூடிய ஒன்றின் மெய்ப்பிப்பே ஒழிய, நடந்ததன் பதிவன்று. பின்னணி இசை சேர்ந்ததும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு நழுவிவிடுகிறது.

இங்கே 'தோற்றம்' என்ற சொல்லும் தன் பங்குக்கு விளையாடுகிறது. தோன்றுதல் என்பது உண்டாதலும் ஆகும், கண்ணுக்குப் புலப்படுதலும் ஆகும். உண்டான விதத்தைச் சொல்ல வந்த படம், கண்ணுக்குப் புலப்படாத ஒன்றுக்கு உருவம் கொடுத்தே ஆகவேண்டியிருப்பதால், ஒரு தோற்றத்தை விளக்கப் புகுந்து இன்னொரு தோற்றத்தைப் படைத்துவிடுகிறது.

இலங்கைத் தமிழில் 'விவரணப்படம்' என்ற சொல் பெரிதும் வழங்குகிறது; சான்றை விட விளக்கத்தையே அது முன்னிறுத்துவதால், கணினி வரைகலையும் பின்னணிக் குரலுமாகவே நகரும் படத்துக்கு அதுவே நேர்மையான பெயர் என்பேன். 'செய்திப்படம்' அன்றாட நிகழ்வுகளுக்குரியது. 'குறும்படம்' நீளத்தைக் குறிப்பது; இரண்டையும் மாற்றி எழுதும் பழக்கம் ஏன் வந்ததோ தெரியவில்லை. நடிகர்களை வைத்து ஆதிமனிதரைக் கதையாக நடத்திக் காட்டுவதற்குப் 'புனைவாவணம்' என்ற சொல் பொருந்தும். பாறையையும் எலும்பையும் அளவீட்டையும் காட்டி வழக்கை நடத்தும் படத்துக்கே 'ஆவணப்படம்' என்ற பெயரை நான் ஒதுக்குவேன்.

அத்தகைய படத்துக்குள்ளும் படியோலை வரும். அதற்கு 'மீட்டுருவாக்கம்' என்பது ஏற்ற சொல். 1974-இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் கிடைத்த, ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுப் பழைய, 'லூசி' என்று பெயரிடப்பட்ட ஆதிமனித இனப் பெண்ணின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடே கைக்கு வந்தது. மண்டையோட்டில் சில துண்டுகளே மிஞ்சின. திரையில் நம்மைப் பார்க்கும் லூசியின் முகம் அவளது இனத்தைச் சேர்ந்த பிற மண்டையோடுகளிலிருந்து கடன் வாங்கியது. கண்ணின் நிறமும் உடல் மயிரின் அடர்த்தியும் எந்த எலும்பிலும் எழுதப்படாதவை. அந்த முகம் திரையில் நிற்கும் நேரமெல்லாம் 'மீட்டுருவாக்கம்' என்ற சொல்லும் அதன் அடியில் நிற்பதே முறை.