'லூஸ்' எழுதும்போது எத்தனை 'ஓ'?

பழுத்த செம்பனைக் குலையிலிருந்து உதிர்ந்து கிடக்கும் பழம்தான் தோட்டத்தில் 'லூஸ் ஃப்ரூட்'. மலாயில் 'பிஜி ரெலாய்'. எண்ணெய்ச் சத்து மிகுந்த பழம், விட்டுவிட்டால் நட்டம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் பிள்ளை ஒருவர் மண்டோர் (தொழிலாளர் மேற்பார்வையாளர்) வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது ஓர் 'ஓ' குறைந்தால், உதிரிப் பழம் பொறுக்கியவர் பழத்தைத் தொலைத்தவர் ஆகிவிடுவார். இரண்டு 'ஓ' உதிரி, ஒற்றை 'ஓ' இழப்பு.

ஆங்கிலத்தில் இவை ஒரே ஒலி அல்ல. உதிரி 'லூஸ்' பாம்புச் சீறலாக முடியும். இழப்பு 'லூஸ்' தேனீ இரைச்சலாக முடியும். அந்த 'இசட்' ஒலி தமிழில் இல்லாததால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றே. குரல்வளையில் இரண்டு விரலை வைத்துக் கடைசி ஒலியை இழுத்துச் சொல்லுங்கள். பரிசு 'ப்ரைஸ்' சொன்னால் தொண்டை அதிர வேண்டும், எழுத்து இசட். விலை 'ப்ரைஸ்' அதிராது, எழுத்து சி. 'அட்வைஸ்' இன்னும் சிக்கல்: ஆலோசனை என்ற பெயர்ச்சொல் அதிராது, சி. ஆலோசனை சொல் என்ற வினை அதிரும், ஆனால் எழுத்து எஸ். 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று கடிதத்தை முடிப்பவர்கள் எஸ் போட வேண்டும். பலர் சி போடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாலே காது திறந்துகொள்ளும்.

ஒலியில் வேறுபாடே இல்லாத சொற்களுக்குத் தொண்டை உதவாது. தோட்ட எழுத்தரான கிராணி பேர் பதியும் வருகைப் பதிவேடான செக்ரோலில் வரும் 'செக்' சி-கே என முடியும். வங்கி 'செக்' கியூ-யூ-ஈ என முடியும். அமெரிக்கர்கள் இரண்டையும் சி-கே போட்டே எழுதுவதால், அவர்களுடைய மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதாதீர்கள். நாம் பின்பற்றுவது பிரிட்டிஷ் எழுத்து.

சில இடங்களில் மலாயே வழிகாட்டி. கொள்கைக்கு மலாயில் 'பிரின்சிப்'. அதில் 'ஏ-எல்' கிடையாது, ஆங்கிலத்திலும் எல்-ஈ. கடனின் அசல் தொகைக்கும் பள்ளி முதல்வருக்கும் 'பிரின்சிபல்', ஏ-எல். வட்டி நீங்கலான அசலைப் பற்றி வங்கிக்கு எழுதும்போது எல்-ஈ போட்டால் கொள்கையைத் திருப்பிச் செலுத்துவதாக ஆகிவிடும்.

கணினி இவற்றுக்குப் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது, இரண்டுமே சரியான சொற்கள் என்பதால். எனவே அனுப்புமுன் இந்தச் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடி, பக்கத்தில் தமிழ்ப் பொருளைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள்.