குளிர் கரையானைத் தடுக்காது

"இந்தக் குளிருக்குக் கரையானெல்லாம் எங்கங்க வருது?" கரையான் இருக்கிறதா என்று ஆய்வு செய்து மருந்து போடுவது என் தொழில். கோத்தகிரி பக்கம் வாங்கிப் புதுப்பித்த ஒரு வீட்டில் போன வாரமும் இதே கேள்வி. கேட்டவருக்குப் பின்னால் சுவர் முழுக்க பிளைவுட் பேனல். அதன் அடிப்பட்டையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. மிச்சம் இருந்தது பெயின்ட் மட்டும்தான். உள்ளே ஈர மண்.

ஊட்டி 2,240 மீட்டர். அந்த உயரத்தில் கரையான் தொல்லை கீழே இருக்கும் அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு மாவட்டமே நிம்மதியாகத் தூங்குகிறது. குன்னூர் 1,850 மீட்டர்தான். கூடலூர் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும். உயரம் குறையக் குறையக் கரையான் தொல்லை கூடும். நமக்குப் பல் கிட்டும் குளிர் மண்ணுக்கு மேலேதான். உறைபனி விழும் காலையில்கூட இரண்டடி ஆழத்தில் மண் அவ்வளவு சில்லிட்டுப் போவதில்லை. கரையான் குடித்தனம் நடத்துவது அங்கேதான். அதற்கு வேண்டியது ஈரம், நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமா? அப்புறம் ஃபயர் பிளேஸ், ஹீட்டர், சமையலறைச் சுவர் என்று கதகதப்பையும் நாமே கொடுக்கிறோம். குளிரை நம்பி ஆய்வைத் தள்ளிப் போடாதீர்கள். இதை எத்தனை வீட்டில்தான் சொல்வது!

இங்கே வீடு கட்டும் விதமே அதற்கு வசதி. சரிவை வெட்டித்தான் மனை எடுக்கிறோம். பல வீடுகளில் பின்சுவருக்கு வெளியே மண் இடுப்பளவு நிற்கும். உள்பக்கம் அதே சுவரை ஒட்டி அலமாரி, வெளிப்பக்கம் சில்வர் ஓக் விறகு அடுக்கு. விறகைச் சுவரிலிருந்து தள்ளி, கல் வைத்து அதன் மேல் அடுக்கச் சொன்னால் "மழையில நனையுமே" என்கிறார்கள். தகரம் போட்டு மூடுங்கள்! பழைய பங்களாக்களில் மரத்தரைக்குக் கீழே காற்றோட வேண்டும் என்றுதான் வெளிச்சுவரின் அடியில் துளைகள் விட்டுக் கட்டினார்கள். ஹோம்ஸ்டே நடத்த வருகிறவர்கள் முதல் வேலையாக அதைச் சிமென்ட் பூசி அடைத்துவிடுகிறார்கள், குளிர் வருகிறதாம். தரையைத் தாங்கும் கட்டைகள் கீழே ஈரம் கோத்து இற்றுப் போவது யார் கண்ணிலும் படுவதில்லை.

மரம் கெட்டால் எல்லாமே கரையான் என்றும் நினைக்காதீர்கள். மாவாகக் கொட்டினால் அது வண்டு. கசகசா மாதிரி சின்னச் சின்ன உருண்டையாகக் கிடந்தால் உலர்மரக் கரையான்; அதற்கு மண்ணே வேண்டாம், பழைய கட்டில் பீரோவோடு லாரியில் மலை ஏறிவிடும். சுவரிலோ மரத்திலோ மண் கோடு, அதாவது கரையான் மண்ணால் மூடிக் கட்டும் பாதை, ஓடினால்தான் மண் கரையான். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. வீட்டைப் பார்க்காமல், வாட்ஸ்அப் படத்தை வைத்தே கொட்டேஷன் போடுகிறவரிடம் ஜாக்கிரதை.

தயவுசெய்து ஒன்று. நாங்கள் வருகிறோம் என்றதும் சுவரைத் துடைத்துப் பளிச்சென்று வைக்காதீர்கள். அந்த மண் கோடுதான் எங்களுக்கு வழி காட்டுவது. மண்ணெண்ணெய் ஊற்றி அழித்தால் கூட்டம் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், வேறு பக்கம் ஏறும். கோடை மழைக்குப் பின் ஜன்னலோரம் உதிர்ந்து கிடக்கும் இறக்கைகளையும் பெருக்கித் தள்ளாமல் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் ஈசல், அதாவது இறக்கை முளைத்த கரையான். முன் இறக்கை நீளமாகவும் பின் இறக்கை குட்டையாகவும் இருந்தால் எறும்பு. ஜன்னல் சாத்தியிருந்த அறைக்குள் ஈசல் இறக்கை குவிந்திருந்தால் தள்ளிப் போடாமல் கூப்பிடுங்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. சுவரும் தரையும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை, ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் மருந்துக் கரைசல். மண் கரையானுக்கு மரத்தின் மேல் மட்டும் ஸ்பிரே அடித்துவிட்டு "முடிஞ்சது சார்" என்றால் பணம் தராதீர்கள். துளை போடும் முன் தண்ணீர்க் குழாயும் வயரும் எந்தப் பக்கம் போகின்றன என்று காட்டிவிடுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, தேயிலைக்கும் கேரட்டுக்கும் அடித்து மிச்சமான மருந்தைச் சுவரோரம் கவிழ்க்கிறவர்கள் மேல்தான். அளவும் கிடையாது, கையுறையும் கிடையாது. சரிவில் கொட்டியது மழையோடு இறங்கிக் கீழ்வீட்டு ஊற்றுக்குப் போகலாம். கரையானுக்கு மருந்து போடுவதைத் தொழிலாகச் செய்ய 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். கேளுங்கள், கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரை அனுப்பிவிடுங்கள். உங்கள் மனைக்குக் கீழே யாராவது ஊற்றுத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால், வருகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கம் மருந்து இறக்கலாமா, வேறு வழி பார்ப்பதா என்பதை அப்புறம்தான் முடிவு செய்ய முடியும்.