கையெழுத்துப் போடத் தெரிந்தால் படித்தவரா?

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் என் மாலை வகுப்புக்குப் போன மாதம் ஓர் அக்கா கடன் தாளோடு வந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவு வேலை செய்பவர், வயது 46. குழுக்கடன் 40,000 ரூபாய் என்றார்களாம். கைக்கு வந்தது குறைவு. புருஷன், பொண்டாட்டி இருவர் பேரிலும் காப்பீட்டுக்கென்று பணம் பிடித்திருக்கிறார்கள். தாளில் அந்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்து. போய்க் கேட்டால், "உங்க கையெழுத்துதானே அக்கா?" என்று பதில். இந்த வருடம் என்னிடம் வந்த நான்காவது தாள் இது.

"நான் என்ன கைநாட்டா டீச்சர்? கையெழுத்துப் போடுவேனே!" என்று அழுதார்.

எனக்கு ஆத்திரம் அவர்மேல் இல்லை. பதிவேட்டை நிரப்புவதற்காகப் பெயரை மட்டும் எழுதப் பழக்கிவிட்டு, "எழுத்தறிவு பெற்றார்" என்று முடித்துவிடுகிற எங்கள் ஆட்கள்மேல்தான். புள்ளி பிசகாமல் கோலம் போடுகிற மாதிரி இந்தப் பெண்கள் பெயரைப் போடுகிறார்கள். அது அவர்களுக்கு எழுத்தே இல்லை, படம். அந்த அக்காவின் பெயரில் 'ம' இருக்கிறது. 'மன்னார்குடி' என்று எழுதி, இதில் உங்கள் 'ம' எங்கே என்றேன். தெரியவில்லை. உங்கள் அம்மாவிடம், அத்தையிடம் இன்றைக்கே இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

7 வயது நிரம்பி, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரைத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவு பெற்றவர் என்கிறது. எழுதத் தெரியாமல் படிக்க மட்டும் தெரிந்தால்கூடச் சேர்க்காது. 2011 கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். ஆனால் அது வீட்டில் கேட்டு எழுதிக்கொள்வது, வாசிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. "கையெழுத்துப் போடுவா" என்பதற்காகவே எத்தனை பேர் அதில் சேர்ந்தார்களோ!

கைநாட்டு வைப்பவருக்காவது வாசித்துக் காட்டி, சாட்சி வாங்குகிற வழக்கம் உண்டு. கையெழுத்துப் போட்டவர் படித்துப் பார்த்துத்தான் போட்டார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

தாளை நீட்டியதும் பேனாவை எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். முதலில் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இந்தக் குழுக்கடன் மாதிரியான நுண்கடனுக்கு ஒப்பந்தமும், கடன் விவரம் எழுதிக் கொடுக்கிற அட்டையும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; முழுச் சம்மதம் இல்லாமல் காப்பீடு பிடிக்கக் கூடாது. தமிழில் கேட்டு வாங்குங்கள், கெஞ்ச வேண்டியதில்லை.

"மண்டையில ஏறல டீச்சர்" என்று நின்றுவிடுகிற பலருக்குக் குறை மண்டையில் இல்லை, கண்ணில். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து, கிட்டத்து எழுத்து மங்கும். முதலில் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வீட்டு ஆண்களே, "இந்த வயசுல படிச்சு கலெக்டர் ஆகப்போறியா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன்.

அந்த அக்காவுக்குக் கடன் தாளை வைத்தே பாடம் ஆரம்பித்தேன். நடவு நாளிலும் வகுப்பை விடவில்லை. நேற்று 'காப்பீடு' என்ற சொல்லைத் தானே தேடி, விரல் வைத்துக் காட்டினார். அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார்.