கடைசிப் பாட்டு மட்டும் ஏன் கரகரன்னு கேக்குது?

60கள்ல வந்த சன்ஷைன் பாப் (அடுக்கு கோரஸோட வர்ற குஷியான பாப்), பரோக் பாப் (மேற்கத்திய செவ்வியல் வாத்தியம் கலந்த பாப்) ரெக்கார்டெல்லாம் தேடித் தேடி வாங்குறவங்க எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான். முதல் பாட்டு தேன் மாதிரி ஓடும், ஆனா அதே சைடோட கடைசிப் பாட்டுல "ஸ்"ஸுன்னு வர்ற எடமெல்லாம் எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி பொரியும். தட்டு பாக்க பளபளன்னுதான் இருக்கும், கீறலே இருக்காது. நானும் ரொம்ப நாளா ஊசியத்தான் திட்டிட்டு இருந்தேன்.

விஷயம் இதுதான். எல்பி, அதாவது பெரிய இசைத்தட்டு, நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ஓரத்துல இருந்தாலும் நடுவுல இருந்தாலும் அதே சுத்துதான். ஆனா வெளி ஓரத்துல ஒரு சுத்து பெருசு, அங்க ஊசிக்கு அடியில, பாட்டைச் செதுக்கியிருக்குற பள்ளம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ ஓடுது, உள்ள லேபிள் கிட்ட வந்தா வெறும் 21 செ.மீ. இப்ப 10,000 ஹெர்ட்ஸ் சத்தம், அதாவது அந்த "ஸ்" மாதிரி கீச்சுன்னு வர்ற சத்தம் ஒண்ணு எடுத்துக்குங்க, வெளிய அதோட ஒரு அலை 51 மைக்ரான் நீளத்துக்கு தாராளமா கிடக்கும், உள்ள 21 மைக்ரானுக்குள்ள மடிச்சுத் திணிச்சிருக்கும். சாதாரண உருண்டை ஊசியோட முனை ஆரமே 18 மைக்ரான் பக்கம். அவ்ளோ இறுக்கமான வளைவுக்குள்ள அது எப்படிங்க நுழையும், மேலாக்க உரசிட்டுத்தான் போகும், அந்த உரசல்தான் நமக்கு பொரியுற சத்தமா கேக்குது.

மத்த இசையும் அதே தட்டுலதான் வருது, இந்த வகைக்கு மட்டும் ஏன் இவ்ளோ அடி? அடுக்கடுக்கா கோரஸ் குரல், அதுல கொட்டிக் கிடக்குற "ஸ்", "ட்", கூடவே ஹார்ப்சிகார்ட்ங்கற பழைய கீபோர்டு வாத்தியம். அது பியானோ மாதிரி கம்பிய தட்டுறதில்ல, சுண்டுது, அதனால ஒவ்வொரு சுரமும் கூர்மையா, மேல்சுரங்களோட வரும். 1966ல லெஃப்ட் பேங்க்ங்கற நியூயார்க் பசங்க ஹிட்டாக்குன சத்தமே இந்த ஹார்ப்சிகார்டும் வயலினும்தான். போதாததுக்கு, தட்டு வெட்டும்போதே ஆர்ஐஏஏங்கற, ரெக்கார்டு கம்பெனிகளோட பொது முறைப்படி பாஸைக் குறைச்சு ட்ரெபிளைத் தூக்கித்தான் வெட்டுவாங்க (நம்ம ஆம்ப் அதைத் திருப்பி சரி பண்ணிடும்), அப்ப அந்த நுணுக்கமான நெளிவெல்லாம் இன்னும் கூர்மையாகும். அன்னைக்கு வீட்டுல இருந்த சேஞ்சர் (தட்டைத் தானா மாத்துற) ப்ளேயர்லயோ ஊசி மேல 5 கிராம், அதுக்கு மேலன்னு பாரம், இப்ப நாம வைக்கிறது 2 கிராம் பக்கம். யாரோ ஒரு டீன்ஏஜ் பொண்ணு ஆசை ஆசையா நூறு தடவை போட்டுக் கேட்ட தட்டுதான் இன்னைக்கு நம்ம கைக்கு வருது, பள்ளத்தோட சுவர் தேஞ்சுதானே இருக்கும்.

மோனோ பிரஸ்ஸிங்குக்கு, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்ற பதிப்புக்கு, ஏன் இவ்ளோ கிராக்கின்னும் கேப்பாங்க. பீச் பாய்ஸோட 1966 ஆல்பம் பெட் சவுண்ட்ஸை எடுத்துக்குங்க, அதை உருவாக்குன பிரையன் வில்சனுக்கு வலது காது கிட்டத்தட்ட கேக்காமத்தான் இருந்துச்சு, அவர் மிக்ஸ் பண்ணதே மோனோலதான். அப்ப "ஸ்டீரியோ"ன்னு வித்தது கேபிடல் ரெக்கார்டு கம்பெனியோட டுவோஃபோனிக், அதாவது மோனோவையே ஒரு பக்கம் ட்ரெபிள், இன்னொரு பக்கம் பாஸ்னு பிரிச்சு லேசா நேரம் தள்ளிவிட்ட வேலை. எனக்கு அது சுத்தமா பிடிக்காது, கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கும். நெஜ ஸ்டீரியோ மிக்ஸ் 1997லதான் வந்துச்சு.

மோனோல இன்னொரு லாபம் இருக்கு. பள்ளம் வி வடிவம், ஸ்டீரியோன்னா உள்சுவர்ல இடது சேனல், வெளிச்சுவர்ல வலது, ரெண்டும் 45 டிகிரி சாய்வு. மோனோ பாட்டு ஊசிய பக்கவாட்டுல மட்டும்தான் ஆட்டும். தூசி, தேய்மானமெல்லாம் மேலயும் கீழயும் சேத்து ஆட்டும். ஆம்ப்ல மோனோ பட்டனை அமுக்குனா ரெண்டு சேனலும் கூடும், மேல-கீழ ஆட்டம் ரெண்டு சேனல்லயும் நேரெதிரா வர்றதால ஒண்ணை ஒண்ணு அடிச்சு காணாமப் போயிடும். பழைய மோனோ தட்டைப் போட்டுட்டு பட்டனை அமுக்கிப் பாருங்க, பின்னாடி இருந்த சலசலப்புல பாதி டக்குனு அடங்கும்.

ஊசிய மாத்துறதும் வேலை செய்யும். பழைய உருண்டை ஊசி சுவர்ல ஒரு உயரத்துலதான் தேச்சிருக்கும், மெல்லிசான எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி போட்டா அது வேற எடத்துல, தேயாத பகுதியத் தொடும். எப்பவும் இல்ல, சில சமயம் செத்த தட்டுக்கே உயிர் வரும்.

கடைல போட்டுப் பாக்க விட்டாங்கன்னா முதல் பாட்டுல ஊசி வைக்காதீங்க, அது எப்பவும் நல்லாத்தான் இருக்கும். நேரா கடைசிப் பாட்டுக்குப் போங்க, அதுலயும் கோரஸ் ஏறுற எடத்துக்கு.